எக்கோவை அணைக்கிற கால்

அமுக்கினேனா இல்லையா. ஒரு தடவை அமுக்கினேன், அதில் சந்தேகமே இல்லை. காலடியில் கிடக்கிற கிடார் எஃபெக்ட் பெட்டியின் சின்னத் திரை பேர் என்ன வைக்கட்டும் என்று கேட்டது, பழைய பேரே இருக்கட்டும் என்று விட்டேன், இன்னொரு தடவை அமுக்கினால்தான் செய்ததெல்லாம் உள்ளே போய் உட்காரும், அந்த இன்னொரு தடவைக்கு விரலை நீட்டும்போதுதான் சீரியல் லைட் கட்டுகிறவர் மேடைக்குப் பின்னால் எந்தப் பிளக்கையோ பிடுங்கினார். மேடை செத்தது. பெட்டியும் செத்தது. "சாரிண்ணே, ஒரு நிமிசம்ணே" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. திரும்பக் கரண்டு வந்து பெட்டி கண் திறப்பதற்குள் பொண்ணு மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்துவிட்டார்கள், ஜெபராஜ் அண்ணாச்சி கீபோர்டுக்குப் பின்னாலிருந்து "ஏல கிருபா, வரவேற்புப் பாட்டு, எடு எடு" என்று கத்தினார், எடுத்தேன், அதிலிருந்து பாட்டு மாற்றிப் பாட்டு, இப்போது ஷெரின் பாடிக்கொண்டிருக்கிற இந்தப் பாட்டு வரை தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. விரல் அமுக்கியதா, நீண்டு மட்டும் நின்றதா. விரலைக் கேட்டால் விரலுக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்குக் கம்பியை வாசித்துக்கொண்டிருக்கிறது, ஷெரின் சரணத்துக்குப் போகிறாள், சுலபமான பாட்டு, கையே பார்த்துக்கொள்ளும், மனசுக்கு வேலையில்லை, வேலையில்லாத மனசு அந்த ஒரு பட்டனையே சுற்றிச் சுற்றி வருகிறது. அமுக்கியிருப்பேன். அமுக்கியிருப்பேன் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினவனுக்கும் அப்படித்தான் தோன்றும், பிறகு பஸ் கிளம்பினதும் பூட்டினேனா என்று வரும். நான் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பாட்டு லீலா அக்காவுடையது.

அடுத்த பாட்டில் என்ன செய்யவேண்டும் என்று ஒருமுறை ஒழுங்காக நினைத்துப் பார்த்தால் பயம் போய்விடும். 'உப்புக்காத்தே'. பழைய பாட்டு, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. பழைய பாட்டை அப்படியே பாடினால் ரிசப்ஷனில் பையன்கள் செல்போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள் என்று அண்ணாச்சி முன்னால் ஒரு புது முகப்பு போட்டார். கீபோர்டு கிடையாது, நானும் பேடு அடிக்கிற மைதீனும் மட்டும்தான். கிடார் கர்ஜிக்கவேண்டும். டிஸ்டார்ஷன், டிலே, கோரஸ், ரிவெர்ப், நான்கும் சேர்ந்து மண்டபத்தின் கூரையைப் பிடித்து ஆட்டவேண்டும், உச்சியில் போய் ஒரே வெட்டில் நிற்கவேண்டும். நின்ற அடுத்த தட்டில் ஒரு எஃபெக்டும் இல்லாமல், பச்சையாக, ஒரே ஒரு சுரம் நான் கொடுக்கவேண்டும். அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு லீலா அக்கா தன்னந்தனியாக முதல் அடியை எடுப்பாள். முதல் அடி முடிந்த பிறகுதான் அண்ணாச்சி கீபோர்டில் வந்து சேர்வார். சொல்லும்போது எவ்வளவு எளிது. ஆனால் முகப்பு முடிகிற சுரம் வேறு, அக்காவுக்கு நான் கொடுக்கவேண்டிய சுரம் வேறு. டிலே என்கிற எக்கோ அணையாமல் கிடந்தால் பழைய சுரம் ங்ஙோய் ங்ஙோய் என்று திரும்பித் திரும்பி வந்து புதுச் சுரத்தின் மேலே ஏறி உட்காரும். அக்கா எதைப் பிடிப்பாள். நான்கு பட்டனையும் ஒவ்வொன்றாகக் காலால் அணைப்பதற்குள் ஒரு தட்டு என்ன, மூன்று தட்டு ஓடிவிடும். வேறு பாட்டுக்கு வைத்திருக்கிற செட்டிங்குக்குத் தாவினால் பெட்டி நடுவில் ஒரு விக்கல் விக்கும். அதனால்தான் மத்தியானம் மண்டபத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து, ஒரே செட்டிங்குக்குள் இரண்டு சீன் போட்டேன். சீன் ஒன்றில் நான்கும் எரியும். இடது கால் பெருவிரலால் ஒரு மிதி, சீன் இரண்டு, நான்கும் அணையும். அதோடு, அணைத்த பிறகும் எக்கோ கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறையட்டும் என்று கம்பெனிக்காரன் ஒரு வசதி வைத்திருக்கிறானே, அதை மெனுவுக்குள் போய்த் தேடி ஆஃப் செய்தேன். எல்லாம் செய்தேன். இரண்டாவது தடவை அமுக்கினேனா என்பதுதான் தெரியவில்லை. அமுக்காவிட்டால் மத்தியானம் செய்தது எதுவும் இல்லை, பழைய சீன் இரண்டுதான் வரும், அதில் டிஸ்டார்ஷன் மட்டும் அணையும், எக்கோ கிடக்கும்.

குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். மெனுவைத் திறந்தால் தெரிந்துவிடும். ஆனால் மேடையில் குனியக்கூடாது, அது அண்ணாச்சி சட்டம். "சனங்க உன் முதுகைப் பாக்கவாடே வந்திருக்காவ?" செருப்புப் போட்டிருந்தாலாவது வார் கழன்றது மாதிரி நடிக்கலாம், நான் வெறுங்காலில் வாசிக்கிறவன், செருப்போடு மிதித்தால் இரண்டு பட்டன் சேர்ந்து விழும். காலால் மிதித்துப் பார்க்கலாமா, இப்போதே, இந்தப் பாட்டு நடக்கும்போதே? இந்தப் பாட்டின் செட்டிங் வேறு, மாற்றினால் ஷெரின் பாட்டுக்கு நடுவில் கர்ஜனை கேட்கும், பாவம் அந்தப் பிள்ளை. பாட்டு முடிந்ததும் மிதிக்கலாம், விளக்கைப் பார்க்கலாம், நான்கும் அணைந்தால் சேவ் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். ஆமாம். அது போதும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் அவ்வளவு நேரம் கிடைக்கும். தாத்தா ஒரு கள்ளன் கதை சொல்லுவார், செட்டியார் வீட்டுக்குள் நுழைந்த கள்ளன், உள்ளே நாலு மூலைக்கு நாலு விளக்கு, ஒன்றை ஊதி அணைத்து அடுத்ததற்குப் போவதற்குள் செட்டியார் புரண்டு படுக்கிறார். கள்ளன் யோசித்தான், மேல்துண்டை எடுத்தான், ஒரே வீசு, நாலும் அணைந்தது. ஆனால் பார்த்தால் ஐந்தாவதாக ஒன்று எரிகிறது, சுவரில், தூரத்தில். ஊதுகிறான், ஊதுகிறான், அணையவே மாட்டேன் என்கிறது. அது கண்ணாடி. தெருவிளக்கு கண்ணாடிக்குள் எரிகிறது. பிறகு என்ன ஆனது என்று கேட்டால் தாத்தா, "என்ன ஆகும், ஊதிக்கிட்டே நின்னான்" என்பார். எக்கோ அப்படித்தான். அணைத்த பிறகும் கண்ணாடிக்குள் எரியும்.

இத்தனைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை. தப்பு நடந்தால் திட்டு விழும், திட்டு எனக்குப் பழக்கம். அக்காவுக்குத்தான். வேனில் வரும்போது அண்ணாச்சி முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார், "லீலா, விளாத்திகுளத்துல நடந்த மாதிரி இன்னிக்கும் சுருதி வெலகிச்சின்னா பொங்கலுக்கு மேல ஷெரினே எல்லாத்தையும் பாடட்டும். நான் யாரையும் போகச் சொல்லல. நீயே யோசிச்சுக்கோ." மைதீன் ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீரை மூடியில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்தாள். அண்ணாச்சியும் அவளும் சேர்ந்துதான் இந்த ஆர்க்கெஸ்ட்ராவை ஆரம்பித்தார்கள், இவர் ஆர்மோனியத்தை சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்த காலத்தில். இப்போது ஷெரினிடம் சொல்லி வைத்திருக்கிறார், அக்கா பாடும்போது நீ பக்கத்திலேயே மைக்கோடு நில்லு, தடுமாறினா எடுத்துக்கோ. ஷெரின் சாயங்காலம் என்னிடம் வந்து, "அண்ணே, எனக்கு இது நல்லா இல்லண்ணே, அக்கா மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்" என்றாள். நான் என்ன சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. நான் எதற்கு என்ன சொல்லியிருக்கிறேன். அக்காவே அதைத்தான் சொன்னாள். போன மாதம் என்னை வலது பக்கம் வந்து நிற்கச் சொன்னாள், ஏன் அக்கா என்றேன், "இடது காதுல ரைஸ்மில் ஓடுத மாதிரி ஒரே இரைச்சல், தம்பி. வலதுதான் கேக்குது. நீ வலது பக்கம் நின்னு அந்தச் சுரத்தைச் சுத்தமா குடுத்தியன்னா நான் பிடிச்சுக்கிடுவேன். எக்கோவை மட்டும் படக்குனு அணைச்சிரு" என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று சொல்ல வந்து, தானே சிரித்துவிட்டாள். "உன்கிட்ட சொன்னா சொவத்துகிட்ட சொன்ன மாதிரி." சுவர். நல்ல பேர்தான். ஆனால் அந்தச் சுவரில்தான் அவள் கை வைத்துக்கொண்டு நடக்கப் போகிறாள். சுவர் சேவ் பண்ணியதா இல்லையா என்று சுவருக்கே தெரியவில்லை. பாட்டு முடிகிறது. ஷெரினுக்குக் குரல் மேலே போகாது, அதனால் அண்ணாச்சி இந்தப் பாட்டைச் சுருதியில் இரண்டு படி இறக்கி வாசிக்கிறார், அவருக்கென்ன, கீபோர்டில் ஒரு பட்டன், இரண்டு தட்டுத் தட்டினால் விரல் அதே கட்டையில் இருக்கும், சத்தம் மட்டும் கீழே இறங்கிவிடும். நான்தான் கம்பியில் இடம் மாற்றி, விரலை மாற்றி, எல்லாவற்றையும் மாற்றி மாரடிக்கவேண்டும். எல்லோருக்கும் ஒரு பட்டன். எனக்கு மட்டும் அமுக்கினேனா என்கிற பட்டன்.

கைதட்டல். இப்போது. செட்டிங்கை மாற்றினேன், திரையில் பேர் வந்தது, நான்கு விளக்கும் எரிகிறது, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். பெருவிரலைத் தூக்கினேன். அதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமா மேடையேறி மைக்கை வாங்கிவிட்டார், "இந்தப் பாட்டு எங்க அக்காவுக்காக, எங்க அக்கா சமையக்கட்டுல பாடிப் பாடியே எங்களை வளத்தா" என்கிறார், நான்கு பேர் கைதட்டுகிறார்கள், சாப்பாட்டு ஹாலிலிருந்து அந்த அக்காவை, வயதான ஒரு அம்மாவை, பாதி இலையில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், ஈரக் கையோடு வருகிறாள், முதல் வரிசையில் உட்கார வைக்கிறார்கள். நல்லது, பேசட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். மிதித்தேன். மிதித்த அதே நேரத்தில் போட்டோக்காரரின் லைட் என் காலடியில் விழுந்தது. வெள்ளை. விளக்கு எரிகிறதா அணைந்ததா ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை, தாய்மாமாவை வீடியோ எடுக்கிறார், லைட்டை நகர்த்தமாட்டார். திரும்ப மிதித்தேன், சீன் ஒன்றுக்கு வந்திருக்கும். வந்திருக்குமா? எத்தனை தடவை மிதித்தேன். சத்தம் கொடுத்துப் பார்க்கலாம், கம்பியை லேசாக ஒரு தட்டு, ஆனால் நான் தட்டினால் மண்டபம் முழுக்கக் கேட்கும், அந்த மனுசன் தன் அக்காவை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இடது பக்கம் பார்த்தேன். லீலா அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், நெஞ்சோடு சேர்த்து, பூசை மணியைப் பிடிப்பது மாதிரி. பட்டுச்சேலையில் கொசுவம் ஒரு பின் விட்டுப் பிரிந்திருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை, என் பெட்டியைப் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு எட்டு தள்ளி ஷெரின், கையில் இன்னொரு மைக், தலையைக் குனிந்துகொண்டு. அண்ணாச்சி கீபோர்டுக்குப் பின்னால் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துவிட்டு மைதீனுக்குத் தலையை ஆட்டினார். போட்டோக்காரரின் லைட் அணைந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மைதீன் குச்சியை உயர்த்திவிட்டான்.

கர்ஜித்தது. சீன் ஒன்றுதான். நல்லவேளை, அது ஒன்றாவது. கிடார் இப்படிச் சத்தம் போடும்போது நான் எங்கேயோ உள்ளே ஒளிந்துகொள்கிறேன், எப்போதும் அப்படித்தான், எக்கோவுக்குள் தப்பும் தெரியாது, சரியும் தெரியாது, ஆள் யார் என்றும் தெரியாது, அதனால்தான் எனக்கு அது பிடிக்கும், பேசத் தெரியாதவனுக்கு இவ்வளவு பெரிய வாய். பையன்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருகிறார்கள். ஈரக்கை அம்மா காதைப் பொத்துகிறாள். ஏறுகிறேன், ஏறுகிறேன், இன்னும் இரண்டு சுற்று, பெருவிரல் பட்டன் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது, பட்டன் சூடாக இருக்கிறது, இல்லை, என் விரல்தான் சூடாக இருக்கிறது. அமுக்கினேனா. ஒரு சுற்று. அமுக்காவிட்டால் என்ன செய்வேன். வால்யூமை மூடிவிட்டால் அக்காவுக்குச் சுரம் ஏது. வயரைப் பிடுங்கினால் பட்டென்று வெடிக்கும். உச்சி. கடைசிச் சுரம். வெட்டு. மிதித்தேன்.

நான்கும் அணைந்தன. எக்கோ இல்லை. கண்ணாடிக்குள்ளும் இல்லை. மண்டபத்தில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது, சாப்பாட்டு ஹாலில் யாரோ "ரசம், ரசம்" என்று போகிற சத்தம் கேட்டது. அமுக்கியிருக்கிறேன். இந்த விரல் அமுக்கியிருக்கிறது, எனக்குச் சொல்லாமலே. சுரத்தைக் கொடுத்தேன். இவ்வளவு மெலிசாக என் கிடாரை நான் கேட்டதே இல்லை, சட்டை இல்லாமல் தெருவில் நிற்கிறது மாதிரி. லீலா அக்கா வலது காதை என் பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, எடுத்தாள். "உப்புக்காத்தே..." அப்படியே அதன் மேல். ஒரு நூல் விலகவில்லை. ஈரக்கை அம்மாவின் உதடு கூடவே அசைந்தது. போதும், முடிந்தது, இனி அண்ணாச்சி வரவேண்டியதுதான், நான் மூச்சை விட்டேன், அண்ணாச்சி இரண்டு கையையும் வைத்தார்.

அசிங்கமாக இருந்தது. தெருமுக்கில் இரண்டு பஸ் உரசுகிற மாதிரி. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். மைதீன் பார்த்தான், ஷெரின் பார்த்தாள், நானும்தான் பார்த்தேன், பார்த்தபிறகுதான் ஏன் பார்க்கிறேன் என்று தோன்றியது. அண்ணாச்சி உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டினார், இறங்கு, இறங்கு, என்று. அக்காவின் கை இடது காதுக்குப் போனது. முகம் செத்துவிட்டது. என் காதுதான், என் காதுதான் என்று அவள் நினைப்பது நெற்றியில் எழுதியிருந்தது. குரல் கீழே வழுக்கத் தொடங்கியது. அண்ணாச்சி கண்ணைக் காட்ட, ஷெரின் ஒரு எட்டு முன்னால் வந்தாள். நான் கொடுத்த சுரம் சரி. பச்சையாகக் கொடுத்தது, எக்கோ இல்லை, எனக்கே கேட்டது. அக்கா எடுத்ததும் அதேதான். அப்படியானால். ஷெரின் பாட்டு. அதற்கு இரண்டு இறக்கியது. திரும்ப ஏற்றவில்லை. அண்ணாச்சி ஏற்றவில்லை. விளாத்திகுளத்திலும் இதற்கு முன்னால் ஷெரின் பாட்டுதான், அன்றைக்கு என் எக்கோ கிடந்து அலறியது, யார் சுருதி யாருக்கு விலகியது என்று யாருக்குத் தெரியும். இப்போது பெருவிரலுக்குக் கீழே சீன் ஒன்று இருக்கிறது. ஒரு மிதி. நான்கும் எரியும், கூரை ஆடும், எல்லாம் மூடிப்போகும், பையன்கள் கத்துவார்கள், நான் உள்ளே ஒளிந்துகொள்ளலாம், பிறகு வேனில் அவர்கள் பேசிக்கொள்ளட்டும். ஒரு மிதிதான். காலைப் பட்டனிலிருந்து எடுத்தேன். எடுத்துத் தரையில் வைத்தேன், தரை சில்லென்று இருந்தது. அதே சுரத்தை இன்னொரு தடவை அடித்தேன். இன்னும் பலமாக. திரும்பவும். அண்ணாச்சி என்னை முறைத்தார். முறைத்தால் என்ன, திரும்பவும் அடித்தேன், வால்யூமை முழுக்கத் திறந்துவிட்டு. பச்சையாக. இந்தப் பக்கம் வா அக்கா, இதுதான் சுவர். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். இடது காதிலிருந்து கையை எடுத்தாள். வழுக்கின குரல் நின்றது, ஏறியது, பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டு பேரும் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்களே கிழிங்க என்கிற மாதிரி இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து தூக்கிவிட்டார். நான் கையை எடுத்தால் தெரியும் இவள் லட்சணம் என்று நினைத்திருப்பார். தூக்கினதும் மண்டபத்தில் மிச்சம் இருந்தது லீலா அக்கா குரலும் என் ஒற்றைக் கம்பியும். ஒன்றாக இருந்தது. ஷெரின் அப்படியே நின்று மைக்கைத் தாழ்த்தினாள். மைதீன் மெதுவாக, மிக மெதுவாக, அண்ணாச்சி பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி," என்றேன், சத்தமாக, எனக்கு மைக் இல்லை, ஆனாலும் முன் வரிசைக்குக் கேட்டது, "ஏத்துங்க அண்ணாச்சி. ரெண்டு." அவர் என்னைப் பார்த்தார். சுவர் பேசினால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. பிறகு அவருடைய சின்னத் திரையைப் பார்த்தார். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் போய் ஒரு தட்டு, இரண்டு தட்டு. பல்லவி சுற்றி வரும்போது வந்து சேர்ந்தார், பாலில் விழுந்த சர்க்கரை மாதிரி, ஒரு சத்தமில்லாமல்.

பாட்டு முடிந்ததும் ஈரக்கை அம்மா எழுந்து நின்று கைதட்டினாள், தாய்மாமா அழுதார், பையன்கள் ஒன்ஸ்மோர் என்று கத்தினார்கள், அண்ணாச்சி மைக்கை எடுத்து, "சவுண்டு தம்பி, மானிட்டரைக் கொஞ்சம் பாருங்க, ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு" என்றார். சவுண்டு தம்பி இருந்த இடத்திலேயே, மிக்சரின் எந்தக் குமிழையும் தொடாமல், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அடுத்த பாட்டு ஷெரினுடையது. அவள் முன்னால் வந்தாள், அக்கா அவளுக்கு இடம் விட்டு, போகிற போக்கில் அவள் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என் இடது பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தாள். மைதீன் குச்சியை உயர்த்தினான். அண்ணாச்சி வாசிக்கவில்லை. எங்களைப் பார்க்காமல், கீபோர்டைப் பார்த்துக்கொண்டே, எங்கள் நாலு பேருக்கும் கேட்கிறபடி சொன்னார், "ரெண்டு எறக்கியிருக்கேன்டே." இத்தனை வருசத்தில் சொன்னதில்லை. "யாருகிட்ட சொல்லுதாரு?" என்றாள் லீலா அக்கா, மூடியில் வெந்நீரை ஊதிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி. "நம்மகிட்டதான்கா" என்றேன். இந்தப் பாட்டுக்கு எக்கோ வேண்டும். மிதித்தேன்.